எஃப் எட்டில் தெய்வமான அறுபத்து மூவர்

சிவகாசி,
12.5.2007, சனிக்கிழமை.

சிரஞ்சீவி காளீஸ்வரனுக்கு, பெரியப்பா கனகசபாபதி ஆசீர்வாதத்தோடும் ஆத்திரத்தோடும் எழுதிக்கொள்வது.

இங்கு எல்லோரும் நலம். வழக்கத்துக்காக எழுதுகிற வரிதானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதே. இந்த வாரம் செவ்வாய்க்கிழமை முதல் நேற்று வரை நம் சொந்தத்தில் அறுபத்து மூன்று பேர் நலமாக இல்லை. இன்றைய தேதியில் அவர்களும் நலம். ஒவ்வொருவராக விசாரித்து, சிலரை நேரில் போய்த் தொட்டும் பார்த்துவிட்டுத்தான் இந்த வரியை எழுதுகிறேன். பெங்களூரில் நீயும் நலமாகத்தான் இருப்பாய். வினையை விதைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு தலைவலிகூட வருவதில்லை.

முப்பது வருஷமாக அச்சாபீஸ் வைத்திருக்கிறவன் ஏன் கையால் எழுதுகிறான் என்று நினைப்பாய். நீ நம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டுப் போனாயே ஒரு எடிட்டர், அதில் அடித்தால் உன் பெயருக்கு முன்னாலும் எதையாவது போட்டு உன்னையும் மேலே அனுப்பிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என் தம்பிக்கு நீ ஒரே பிள்ளை. சரி, போனில் திட்டலாம் என்றால், நான் சத்தத்தைக் கூட்டும்போதெல்லாம் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை.

முதலிலிருந்தே வருகிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் கரும்பைக் கடித்தோமா, கறிச்சோறு தின்றோமா என்று இருந்தாயா? ஆபீஸுக்குள் வந்து, டைப் அடிக்கிற பானுப்பிரியாவின் பின்னால் நின்று அரை மணி நேரம் வேடிக்கை பார்த்தாய். அவள் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர்ப்பட்டியல் அடித்துக்கொண்டிருந்தாள். நம் பக்கத்துப் பத்திரிகை எப்படி என்று உனக்குத் தெரியாததில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் நாலு வரியில் முடிந்துவிடுவார்கள். மிச்சம் பூராவும் தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை, மச்சான், பங்காளி என்று ஒரு பெரும்படை. ஆளாளுக்கு முன்னால் திரு, பின்னால் ஊர், அதற்கும் பின்னால் கடைப்பெயர். உயிரோடு இருப்பவருக்குத் திரு, காலமானவருக்குத் தெய்வத்திரு. ஒரு பெயர் விட்டுப்போனாலும் கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் பஞ்சாயத்து நடக்கும். அந்தப் பிள்ளை நூற்று நாற்பதாவது திருவை அடிக்கும்போது நீ பொறுக்க மாட்டாமல், "ஒரே வார்த்தைய எதுக்கு இம்புட்டுத் தடவ அடிக்கிறீக, எடிட்டரே போட்டுக்கிடும்" என்றாய். அன்றைக்குச் சனி நம் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டது.

ஒரு எடிட்டரைக் கொண்டுவந்து ஏற்றினாய். பார்க்க வெறும் வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. அதற்குள்ளேயே நமக்கு வேண்டிய உத்தரவுகளை நாமே எழுதிவைக்கலாம், அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர், ஒரு பொத்தானை அமுக்கினால் அந்த ஸ்கிரிப்ட் அடித்து வைத்திருக்கிற எழுத்துமேல் வரிவரியாக ஓடி வேலையை முடித்துவிடும் என்று விளக்கினாய். எஃப் ஆறை அமுக்கினால் பெயர்கள் அகர வரிசைக்கு வரும். எஃப் ஏழு ஒவ்வொரு பெயருக்கும் திரு போடும். எஃப் எட்டு அந்தத் திருவைத் தெய்வத்திருவாக்கும். நீ எஃப் ஏழை அமுக்கிக் காட்டியதும் நூற்று நாற்பது பெயருக்கும் ஒரே மூச்சில் மரியாதை வந்து உட்கார்ந்தது.  இவ்வளவு சுலபமாக மரியாதை வந்தால் போவதும் சுலபமாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். வாயால் சொல்லவில்லை. பெங்களூர்ப் பிள்ளை முன்னால் பட்டிக்காட்டான் என்று பெயர் வாங்க மனசில்லை.

முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. அதையும் சொல்லிவிடுகிறேன், நான் நன்றி கெட்டவன் இல்லை. மூன்று நாள் வேலை ஒரு நாளில் முடிந்தது. பானுப்பிரியா ஐந்தரை மணி வேனுக்கே ஆமத்தூர் போக ஆரம்பித்தாள். பங்குனியில்தான் முதல் அடி. ஒரு ஊர்க்காரர்கள் கோயில் பொங்கல் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தார்கள். வரிசையாக இருந்தால் அழகாக இருக்குமே என்று நான்தான் எஃப் ஆறைத் தட்டச் சொன்னேன். நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் குட்டியானை வண்டியில் பதினாறு பேர் வந்து இறங்கினார்கள். ஆடு மேய்க்கிற அய்யனார் முதல் ஆளாகவும் நாட்டாமை வைரவன் கடைசி ஆளாகவும் நிற்கிறார்களாம். காசைத் தராமல் கல்தா கொடுத்தாலும் பரவாயில்லை, என்மேல் கையை வைத்துவிடுவார்கள்போல இருந்தது. நாட்டாமை மட்டும் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, இதே வரிசையைக் கீழேயிருந்து மேலே போட முடியுமா என்று கேட்டார். பானுப்பிரியா ஒரே தட்டில் தலைகீழாக்கிக் கொடுத்தாள். இப்போது அய்யனார் கடைசி. அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. தன் பெயர் நோட்டீஸில் வருவதே இதுதான் முதல் தடவை என்று எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று நானும் இருந்துவிட்டேன்.

இப்போது நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறேன். வைகாசி பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை, என் மகள் கீர்த்திகாவுக்கு விருதுநகர் மாப்பிள்ளை. இது உனக்குத் தெரியும். பேசி முடித்த அன்று உன் தங்கச்சி என்னிடம் சொன்னது உனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுக் கடைசியில், "சோலைமலை மாமா வந்து மாலை எடுத்துக் குடுக்கணும்ப்பா. அவுக வரலேன்னா நான் மணவறையில உக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அழுதிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அழவே இல்லை. அவள் அம்மா மாதிரியே நிதானமாகச் சொன்னாள்.

உன் பெரியம்மா பொன்னுத்தங்கம் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் சோலைமலை அன்றைக்கு இழவு வீட்டில் அத்தனை பேர் முன்னால், மெஷினை நிறுத்த மனசில்லாமல் என் தங்கச்சியைக் கொன்றுவிட்டான் என்று என்னைச் சொன்னதை நீயும் கேட்டிருப்பாய். காலண்டர் சீசன். அவள் நெஞ்சு வலிக்கிறது என்றாள். இந்த ஒரு லோடு போகட்டும், மதுரைக்குப் போவோம் என்றேன். லோடு போனது, மறுநாள் அவளும் போனாள். மச்சான் சொன்னது முழுப்பொய்யாக இருந்திருந்தால் நான் அன்றைக்கே மறந்திருப்பேன். பாதி உண்மையாக இருந்ததால்தான் ஆறு வருஷம் ஏழாயிரம்பண்ணைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அவரும் இந்த வாசலை மிதிக்கவில்லை.

மகள் சொன்ன பிறகு நான் என்ன செய்திருக்க வேண்டும்? தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு ஏழாயிரம்பண்ணைக்குப் போய் அவர் பட்டாசுக் கம்பெனி வாசலில் நின்றிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், பத்திரிகையில் தாய்மாமன் வரிசையில் முதல் பெயராக, மற்றவர்களைவிட ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில் அவர் பெயரைப் போட்டேன். அச்சாபீஸ்காரன் புத்தி அப்படித்தான் போகும். எழுத்தைப் பெரிதாகப் போட்டுத் தபாலில் அனுப்பினால் மனுஷன் இறங்கி வந்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தபாலில் அனுப்பினால் வரமாட்டார் என்பதும் தெரியும்.

போன வாரம் வியாழக்கிழமை எல்லாம் திருத்தி, எல்லாம் பார்த்து, மறுநாள் பிளேட் போட வேண்டியது. சாயங்காலம் ஆறு மணிக்கு விருதுநகரிலிருந்து சம்பந்தி போன் செய்தார். அவருடைய அப்பா, அவர்கள் வீட்டுப் பெரியவர் சண்முகவேல் ஐயாவின் மைத்துனர், திருத்தங்கல்காரர், காலமாகிவிட்டாராம். அவருக்கு மட்டும் தெய்வத்திரு போட்டுவிடுங்கள் என்றார். பானுப்பிரியா வேனில் ஏறிப் போயாகிவிட்டது. ஒரே ஒரு பெயர்தானே என்று நானே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்களே, நான் விரலை விட்டேன். எனக்கு ஒரு கண்ணில்தான் புரை எடுத்திருக்கிறது, இன்னொன்று தை மாதத்துக்கு என்று வைத்திருக்கிறேன். அதனால் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். திரையில் மூன்று வரிதான் தெரியும், அதிலும் பெயர் வரைக்கும்தான், பின்னால் வருகிற ஊர் தெரியாது. அவர் பெயர் இருந்த வரியில் அந்த மினுக்குகிற கோட்டைக் கொண்டுபோய் நிறுத்தி எஃப் எட்டை அமுக்கினேன். கண்ணுக்கு முன்னால் திரு, தெய்வத்திரு ஆனது. மேலே இருந்த இரண்டு வரியும் ஏற்கனவே காலமானவர்கள். எனக்கு ஒரே பெருமை. கம்ப்யூட்டர் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை என்று சொல்லிக்கொண்டே விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நீ எழுதிக்கொடுத்துவிட்டுப் போன நாற்பது பக்க நோட்டில் ஏழாம் பக்கத்தில், வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அமுக்கினால் அந்த வரியில் மட்டும் ஓடும், எதையும் தேர்ந்தெடுக்காமல் அமுக்கினால் முழுவதிலும் ஓடும் என்று எழுதி, சிவப்பு மையில் இரண்டு கோடும் போட்டிருக்கிறாய். இப்போது படித்துவிட்டேன். அதை ஏழாம் பக்கத்தில் எழுதினால் யார் படிப்பார்கள்? அட்டையில் எழுதியிருக்க வேண்டாமா? அதனால் தப்பு பாதிக்குப் பாதி.

ஆக, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அறுபத்து மூன்று பேர் ஒரே நொடியில் போய்ச்சேர்ந்தார்கள். நாயன்மார்கள் கணக்கு. உன் ஸ்கிரிப்டுக்கு ஆள், ஊர் வித்தியாசம் கிடையாது. ஏற்கனவே தெய்வமாகிவிட்ட திருவை மட்டும் விட்டது, மற்றபடி திரு என்று எங்கே கண்டாலும் விடவில்லை. திருத்தங்கல் தெய்வத்திருத்தங்கல் ஆகி ஒரு ஊரே பூண்டோடு போனது. திருமணம் தெய்வத்திருமணம் ஆனது. கீர்த்திகா திருவளர்ச்செல்வி என்பதெல்லாம் பழைய ஸ்டைல், செல்வி போதும், மாப்பிள்ளைக்கும் செல்வன் போதும் என்று முன்பே அடம்பிடித்திருந்தாள். அந்த அடம்தான் அவர்கள் இரண்டு பேரையும் காப்பாற்றியது. அழைக்கிறவன் தன் பெயருக்குத் தானே திரு போட்டுக்கொள்வதில்லை என்பதால் நானும் தப்பினேன். அதுதான் இன்னும் கேவலமாகப் போயிற்று. சொந்தபந்தம் அத்தனை பேரையும் அனுப்பிவிட்டு நான் ஒருத்தன் மட்டும் அனைவரும் வருக வருக என்று கைகூப்பி நிற்கிறேன்.

யாரும் பார்க்கவில்லையா என்று கேட்பாய். பார்த்தார்கள். காலையில் எடிட்டரிலிருந்து எழுத்தை எடுத்துப் பத்திரிகை லேஅவுட்டில் கொட்டும்போது பானுப்பிரியா பார்த்திருக்கிறாள். அண்ணாச்சி கடைசியாகத் திருத்தியது, குடும்பத்தில் என்ன விபரீதமோ, எப்படிக் கேட்பது என்று வாயை மூடிக்கொண்டாளாம். மெஷின் ஓட்டுகிற பாண்டியும் பார்த்திருக்கிறான். அண்ணாச்சி சொந்த மகள் கல்யாணத்துக்குப் புது ஸ்டைலாக என்னமோ போட்டிருக்கிறார் என்று நினைத்தானாம். சனிக்கிழமை அறுநூறு பத்திரிகையையும் தபாலில் சேர்த்துவிட்டு, குலதெய்வத்தைக் கும்பிட்டு, நிம்மதியாகத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குச் சம்பந்தி பேசினார். குரலே மாறியிருந்தது. "எங்க அப்பா இப்பத்தான் எனக்கு எதுத்தாப்புல உக்காந்து காப்பி குடிக்காக. கார்டுல அவுகளைத் தெய்வத்திருன்னு போட்டிருக்கீக. இந்தச் சம்பந்தம் வேணுமான்னு வீட்டுப் பொம்பளைக கேக்காக" என்றார்.  பத்திரிகையை எடுத்து அப்போதுதான் படித்தேன். தாய்மாமன் வரிசையில், ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில், தெய்வத்திரு சோலைமலை. நான் வாசலில் போய் நிற்க வேண்டிய ஆளைத் தபாலில் சாகடித்திருந்தேன். இனி அவர் வரவே போவதில்லை, மகள் மணவறையில் உட்காரப் போவதில்லை என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது. நானே என் மகள் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். பாண்டி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

உனக்கு அன்றைக்குப் பதினோரு தடவை போன் போட்டேன். மீட்டிங் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாய். நன்றாயிரு.

மத்தியானமே பழத்தட்டோடு விருதுநகர் போனேன். வாசலில் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உள்ளே சண்முகவேல் ஐயா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் பத்திரிகையைக் கொடுத்துத் தன் பெயர் இருக்கிற வரியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். எண்பத்து நாலு வயது. காலில் விழப்போனவனைக் கையைப் பிடித்து நிறுத்தி, "செத்தேன்னு சேதி வந்தா ஆயுசு கெட்டிம்பாக. இது வெறும் சேதி இல்ல, ஆப்செட்டு. எம்புட்டு வருசம் தாங்கும்?" என்று கேட்டார். நல்ல ஆர்ட் பேப்பர், தொண்ணூற்றைந்து வரை கவலையில்லை என்றேன். பெரியவர் சிரித்ததும் வீடே சிரித்தது. அவருக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒன்று வேண்டுமாம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததென்று வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சம்பந்தம் நின்றுவிட்டது, நிலைத்து நின்றுவிட்டது என்று சொல்கிறேன்.

புதன்கிழமை முழுக்க ஆபீஸில் செத்தவர்கள் கூட்டம். ஒருத்தர் வந்து தான் இருப்பதைக் காட்டிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார். இன்னொருத்தர் மாலையோடு என்னிடம் துக்கம் கேட்க வந்து, வந்த இடத்தில் செத்தவரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கக் கண்டு மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கழுத்திலேயே போட்டுவிட்டார். எல்லாரையும் சமாளித்தேன். சமாளிக்க முடியாத ஒரே ஆள் நம் ஒன்றுவிட்ட பங்காளி சீனிவாசகம். அவர் பெயர் பத்திரிகையிலேயே விட்டுப்போயிருக்கிறது. "உசுரோட இருக்கவுக வரிசையில விட்டீக, சரி. செத்தவுக லிஸ்ட்டுலகூட எனக்கு ஒரு எடம் இல்லாமப் போச்சா?" என்று கேட்டு வாசலிலேயே நின்றார். 

பானுப்பிரியாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீ போனை எடுக்கவில்லை என்றதும் அவள் உன் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எஃப் எட்டுக்கு நீ எழுதிய ஸ்கிரிப்டைப் பிரதியெடுத்து, எதை எடுத்து எதைப் போட வேண்டும் என்கிற இடத்தை மட்டும் முன்பின்னாக மாற்றினாள். இரண்டு தடவை எடிட்டர் கோபித்துக்கொண்டது. மூன்றாவது தடவை, "அண்ணாச்சி, எஃப் ஒம்பது போட்டுட்டேன். தெய்வத்த எடுத்துரும்" என்றாள். அமுக்கினாள். அறுபத்து மூன்று பேரும் ஒரு நொடியில் எழுந்து உட்கார்ந்தார்கள். திருத்தங்கலும் எழுந்தது. அவளுடைய அம்மா அய்யம்மாள் இருபது வருஷமாக விஸ்வநத்தத்தில் பட்டாசுக்குத் திரி சுற்றுகிறவள். மகளையும் அந்தப் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லித்தான் என்னிடம் கொண்டுவந்து விட்டாள். மகள் நாலு வரி எழுதி ஒரு ஊரையே பிழைக்கவைத்தாள் என்று நானே போய் அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் முகம் மலர்ந்தது. பக்கத்து ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் பானுப்பிரியாவைக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்கள். விட மாட்டேன்.

வியாழக்கிழமை பதினோரு மணி. சோலைமலை மச்சானின் ஜீப் வந்து நின்றது. ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த மனுஷன் வாசல்படியில் நிற்கிறார், கையில் பத்திரிகை. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தில் ஒன்றும் கேட்காது. பாண்டியிடம் மெஷினை நிறுத்தச் சொன்னேன். அவசர ஆர்டர், அரை ரீமில் நிற்கிறது. நிறுத்து என்றேன். நிறுத்தினான். ஆறு வருஷத்துக்கு முன்னால் நிறுத்தியிருக்க வேண்டியது.

முதலில் அவர் தன் கதையைச் சொன்னார். பத்திரிகையை அவர் பார்ப்பதற்கு முன்னால் கம்பெனி ஃபோர்மேன் முனியசாமி பார்த்துவிட்டானாம். அவன் படித்துச் சொல்ல, வேலைக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் வேனிலிருந்து இறங்கி, தலைவிரிகோலமாக அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர் முற்றத்தில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாராம். யார் யார் நிஜமாக அழுதது, யார் யார் இன்றைக்கு லீவு உண்டா என்று கேட்டது என்று எல்லாவற்றையும் கண்ணாலேயே பார்த்துவிட்டாராம். செத்தால்கூடக் கிடைக்காத பாக்கியம் என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் பத்திரிகையை விரித்து, மேலே இருந்த பொன்னுத்தங்கம் பெயரிலும் கீழே இருந்த தன் பெயரிலும் விரலை வைத்தார்.

"மாப்ள, என்னையக் கொண்டுபோய்த் தங்கத்தோட சேத்து வச்சிட்டீக. நாளைக்கு நெசமாவே அங்கன போவேன்ல. ஏண்ணே, எம் மகளைப் பாக்க ஆறு வருசமா ஏன் போகலன்னு கேப்பா. நான் என்னத்தச் சொல்ல?"

காளீஸ்வரா, மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும், நீங்கள் அன்றைக்குச் சொன்னது சரிதான் என்று சொல்ல வேண்டும், மெஷினை நான் நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். எல்லாம் நெஞ்சு வரைக்கும் வந்தது. "மச்சான், சாப்பிட்டீகளா?" என்றுதான் வாயில் வந்தது. அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கீர்த்திகா கதவைத் திறந்தவள் மாமா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, பேசி முடித்த அன்று அழாததையும் சேர்த்து அழுதாள். மாலை நான்தான் எடுத்துக் கொடுப்பேன், எவன் தடுக்கிறான் பார்ப்போம் என்றார் மச்சான். யாரும் தடுக்கவில்லை என்று சொல்லியும் நாலு தடவை அதையே சொன்னார்.

நேற்றுப் புதுப் பத்திரிகை அடித்தாயிற்று. சீனிவாசகத்தையும் சேர்த்தாயிற்று. இந்தத் தடவை யாரையும் நம்பவில்லை. கண்ணாடி போட்டு, ஸ்கேல் வைத்து, வரிவரியாக நானே பார்த்தேன். பத்திரிகை முழுக்கத் தெய்வ என்கிற எழுத்து ஒரு இடத்தில்கூட இல்லை என்பதை மூன்று முறை உறுதிசெய்துகொண்டுதான் பிளேட் போட விட்டேன். ஒரு பிழை கிடையாது. மச்சான் இருநூறு பத்திரிகையை எடுத்துக்கொண்டு, தன் பக்கத்துக்குத் தானே கையால் வைப்பதாக இன்று காலை கிளம்பிவிட்டார். உனக்கு ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், படித்துப் பார்த்து வெட்கப்படு.

ஆகவே என் உத்தரவு இதுதான். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னதாக வந்து, அந்த எடிட்டரையும், எஃப் ஆறு முதல் ஒன்பது வரை எல்லா ஸ்கிரிப்டையும் அடியோடு எடுத்துவிட வேண்டியது. இனி நம் ஆபீஸில் ஒவ்வொரு திருவும் கையால்தான் அடிக்கப்படும். மனுஷனுக்கு மரியாதை ஒவ்வொன்றாக வந்தால்தான் நிற்கும்.

தம்பிக்கும் உன் அம்மாவுக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும். உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. தப்பில் உன் பாதியை நான் மன்னித்தாயிற்று. என் பாதியை நீ மன்னித்து, நூறாண்டு திருவோடு, வெறும் திருவோடு மட்டும், வாழ வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டி வாழ்த்தும்

உன் பெரியப்பா,
கனகசபாபதி.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பாதியை அடித்துவிட்டுப் படி. கவருக்குப் பசை தடவும்போது கீர்த்திகா உனக்கு வைத்த பத்திரிகையை எடுத்துப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். நான் மூன்று முறை தேடியது தெய்வ என்கிற எழுத்தை. அது எங்கேயும் இல்லை. இருக்க வேண்டிய இடத்திலும் இல்லை. பானுப்பிரியாவின் எஃப் ஒன்பது செத்தவர்களையும் சேர்த்து எழுப்பிவிட்டிருக்கிறது. உன் தாத்தா இருபத்து நாலு வருஷம் கழித்து எழுந்து பேத்தி கல்யாணத்துக்கு அழைக்கிறார். சண்முகவேல் ஐயாவின் மைத்துனர், இத்தனைக்கும் காரணமானவர், அவரும் எழுந்துவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, என் பெயருக்குப் பக்கத்தில், திருமதி பொன்னுத்தங்கம்.

பதறிப்போய் மச்சானுக்கு போன் போட்டு, பத்திரிகை வைக்க வேண்டாம், நிறுத்துங்கள் என்றேன். அவர், "ஜீப்புல ஏறும்போதே பாத்துட்டேன் மாப்ள. சொன்னா மாத்திருவீகன்னுதான் சொல்லல" என்றார். விருதுநகருக்கும் பேசினேன். மைத்துனனுக்கும் ஒரு இலை போட்டுவிடுங்கள் என்று பெரியவர் சொல்லிவிட்டார். கீர்த்திகா அந்தப் பத்திரிகையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். நான் மாற்றப் போவதில்லை.

எடிட்டரை எடுக்க வேண்டாம். எஃப் ஒன்பதில் கை வைத்தால் கையை முறிப்பேன். மூன்று நாள் முன்னதாக வருகிறவன், அப்படியே பெங்களூரில் நல்லதாக ஒரு சேலை எடுத்துக்கொண்டு வா. அரக்குக் கலர் அவளுக்குப் பிடிக்கும். உன் பெரியம்மா பேர் போட்டு அழைத்திருக்கிறாள், வெறுங்கையோடு வரக்கூடாது.